செண்பகம் வைத்த கை

எங்கள் வீட்டுச் செண்பக மரத்தில் மொட்டு தெரிந்தாலே எனக்குத் தூக்கம் போன காலம் ஒன்று உண்டு. ஊர் உலகத்தில் எல்லோரும் பூவுக்காகத்தான் மரம் வளர்ப்பார்கள். நான் ஆசையாக வாங்கி, குழி வெட்டி, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, ஐயோ பூத்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானே வேறு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

எனக்கு ஓசூர் சொந்த ஊரில்லை. தூத்துக்குடிப் பக்கம், கரிசல் காடு. எங்கள் பக்கம் வேலிக்கருவைதான் மரம். பூ என்றால் கடையில் முழம் போட்டு வாங்குவது. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கென்று இங்கே வந்தேன். சின்னச் சின்ன உதிரிப் பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கித் தள்ளுகிற இன்ஸ்பெக்ஷன் வேலை. குளிரில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தூங்கி வழிவார்கள். ஒரு நாள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் தலையில் ஒற்றைச் செண்பகத்தைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரே ஒரு பூ. டீசல் நாற்றம் அடித்த பஸ் முழுக்க வாசனை. என்றைக்காவது நமக்கென்று ஒரு வீடு வந்தால் வாசலில் இந்த மரம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணம் ஆகி, கெலமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனையில், மேலே மொட்டைமாடி மட்டும் உள்ள ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். என் கணவர் ராயக்கோட்டைக்காரர். இங்கே வேறொரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. ஒரு பக்கம் காலி மனை, இன்னொரு பக்கம் ஒரு வீடு, அதைத் தாண்டினால் தக்காளித் தோட்டம். பால் காய்ச்சிய மறு வாரமே அவரை இழுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் முதலில் காட்டியது வெள்ளைப் பூ பூக்கிற ஜாதி. பலா இலை போல் தடித்த இலை, அடிப்பக்கம் செம்பழுப்பு. “இதுவும் செண்பகக் குடும்பம்தான் மேடம். மேக்னோலியான்னு கேட்டு பெங்களூர்காரங்க வாங்கிட்டுப் போறாங்க. பூ தாமரை சைஸுக்கு வரும்” என்றார். தாமரை சைஸுக்குப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நான் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவது? வேண்டாம் என்றேன். அடுத்தது விதையில் முளைத்த கன்று. பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும் என்றார். அவ்வளவு பொறுமை என் வம்சத்திலேயே கிடையாது. கடைசியில் ஒட்டுச்செடி வரிசைக்கு வந்தோம். இரண்டாவது வருஷமே மொட்டு விடுமாம். ஒவ்வொரு செடியாக ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவி, இலையைத் திருப்பி, நாற்றுப் பைக்கு அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கினேன்.

“செடிக்கெல்லாம் ரிஜெக்ட் டேக் மாட்டிடப் போறே” என்றார் என் கணவர்.

ஒரு செடி தேறியது. பணத்தை வாங்கிக்கொண்டு நர்சரிக்காரர், “ஞாயித்துக்கெழம நானே வந்து குழியில வெச்சுக் குடுத்துடறேன் மேடம்” என்றார். நடவுக்கூலிக்கு அடிபோடுகிறார் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒரு செடி வைக்க ஆளா? எங்களுக்குக் கை இல்லையா?” என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே குழி வெட்டினேன். செம்மண்ணோடு மக்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கிறபடி வைத்து, வேரோரத்தில் காய்ந்த இலையைப் பரப்பினேன். என் கணவர் சுற்றிச் சுற்றி வந்தார். “அவசரம் என்னா? நாளைக்கு யாராச்சும் ஆளு வெச்சு வெக்கலாமே” என்றார். சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு வசவு விழுந்தது. மண்ணை என் இரண்டு கையாலும் அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு ஏதோ பிரசவம் பார்த்துவிட்ட பெருமை.

செடி பிடித்துக்கொண்டது. ஓசூர் குளிரும் செம்மண்ணும் அதற்கு ஒத்துக்கொண்டன. போர் தண்ணீரின் உப்பில் இலை மஞ்சளாகப் போனபோது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். மறு வருஷம் அது என் தோள் உயரம் வந்த சமயத்தில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மதில் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தக்காளித் தோட்டம் அவர்களுடையதுதான். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், எங்களோடு தமிழ்.

“சம்பிகே தானே கண்ணு இது? யாரு வெச்சது?” என்றார். சம்பிகே என்றால் செண்பகம்.

“நான்தான்க்கா.”

“நீயேவா? உன் கையாலயேவா?”

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். “இங்கெல்லாம் அதைக் கோயில்லதான் வெப்பாங்க. வூட்டுல வெக்கணும்னா நர்சரி ஆளு வந்து வெப்பான், இல்லன்னா ரோட்டுல போற யாரையாச்சும் கூப்ட்டு வெக்கச் சொல்லுவோம். மொதப் பூ பூக்கறப்போ அது வெச்ச கையைக் கேக்கும்னு சொல்றது. நர்சரிக்காரன் ஆயிரம் செடி வெச்ச ஆளு, அவனை எங்க போய் அது தேடும்?”

“கையைக் கேக்கும்னா?”

“ஆள் இருக்கமாட்டாங்க கண்ணு” என்றார் அக்கா, மதிலைப் பார்த்துக்கொண்டு.

வேறு யாரையாவது விட்டுப் பிடுங்கி மறுபடி வைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். முதலில் வைத்த கைதான் கணக்காம். வெட்டிப்போடலாமா என்றேன். வெட்டினால் அதைவிடக் கேடு என்றார். சொல்லிவிட்டு அவர் தக்காளிக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். கெக்கெக்கே என்று சிரித்தார். “அப்டிப் பாத்தா கோயில்ல வெச்ச பூசாரிங்க எல்லாம் காலியாயிருக்கணுமே? படிச்ச பொம்பள பேசற பேச்சா இது?” என்றார். நர்சரியில் எதையோ சொல்ல வாயெடுத்தவர் இவர்தானே என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் சிரித்தது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் அவர் பக்கத்தில் இருக்கும்வரைதான்.

பயம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்கு வேலை கொடுக்கவே வேண்டாம், தானாகப் பார்த்துக்கொள்ளும். கம்பெனியில் லென்ஸுக்கு அடியில் என் உள்ளங்கையையே வைத்துப் பார்த்தேன். ரேகை எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று தேடினேன். கீறல் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறவளுக்குக் கீறல் தெரியாமல் இருக்குமா? நிறையத் தெரிந்தன. நெடுஞ்சாலையைக் கடந்துதான் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் லாரிக்காரனை முறைத்துக்கொண்டே குறுக்கே போகிறவள், இப்போது நாலு பேர் சேர்கிறவரை நின்று, நடுவில் இருப்பவரின் சேலையைப் பிடிக்காத குறையாகக் கடந்தேன். தலைசுற்றல், நெஞ்சடைப்பு, கால் மரத்துப்போதல் என்று அதுவரை எனக்கு இல்லாத வியாதியெல்லாம் வந்து வந்து போயின.

முதல் மொட்டுகள் சித்திரையில் வந்தன. நுனியில் ஒல்லியாகப் பட்டு ரோமத்தோடு வருவது இலைக் குருத்து. இலைக்கும் காம்புக்கும் இடுக்கில் கொஞ்சம் புடைத்து வந்தால் பூ மொட்டு. இடுக்கில்தான் வந்திருந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகும் வழியில் சர்வீஸ் ரோட்டில் தப்புத் திசையில் வந்த ஒரு டெம்போ என் கைப்பையை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. பைதான் போனது. நான் நடைபாதையில் உட்கார்ந்து, உதவிக்கு வந்த பெண்ணிடம் “மொட்டு விட்டிருக்கு, மொட்டு விட்டிருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவள் என்னைப் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் சில நாளில் அந்த மொட்டுகளைக் காணோம். வெயிலில் உதிர்ந்துவிட்டன போலிருக்கிறது என்று நினைத்தேன். போன உயிர் திரும்பி வந்தது. சுவாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நன்றி சொன்னேன். பூக்காத மரத்துக்கு நன்றி சொன்னவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த வருஷமும் அப்படியே. மொட்டு வரும், ஒரு வாரம் போனால் இருக்காது. மரம் மட்டும் விறுவிறுவென்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. அந்த ஆடி மாதத்தில், சாரலும் காற்றுமாக இருந்த ஒரு சாயங்காலம், வீட்டுக்குள் செண்பக வாசனை அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலுக்கு ஓடி மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்; எட்டின மட்டும் ஒரு பூவும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், மொட்டு இருந்த காம்புகளில் நகம் பட்ட தடம் தெரிந்தது. உதிர்ந்ததில்லை, கிள்ளியது. சுழன்றடித்த காற்றில் வாசனை அக்கா வீட்டுப் பக்கமிருந்து வருவதுபோல் இருந்தது. பயம் எல்லாம் ஒரு நொடியில் கோபமாக மாறிவிட்டது. நேரே போய், “ஏங்க்கா, என்னைப் பயங்காட்டிட்டு எங்க வீட்டு மொட்டைக் கிள்ளி உங்க வீட்டுல தண்ணியில போட்டுப் பூக்க வைக்கிறீயளா?” என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கதவை விரியத் திறந்தார். “எங்க வூட்டுல பூவே இல்ல கண்ணு. வந்து பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். இல்லை. அதன் பிறகு ரொம்ப நாள் அவர் மதில் பக்கம் வரவே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கம்பெனியில் மின்சாரக் கோளாறு என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார் என்று சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தேன். அவர் சமையல்கட்டு ஸ்டூலை மரத்தடியில் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கிளையை வளைத்து, இடுக்கு இடுக்காகத் தடவிப் பார்த்து மொட்டைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன செய்றீங்க?” என்றேன்.

“பூச்சி கீச்சி இருக்குதான்னு பாத்தேன்” என்றார். சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

நான் அந்தப் பையையே பார்த்தேன். அவர் இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார். “நர்சரியிலயே சொல்லியிருக்கணும். சொன்னா நீ சிரிப்பியோன்னு இருந்துட்டேன்” என்றார்.

“அப்ப நீங்களும் நம்புறீங்க.”

“நம்பறதெல்லாம் இல்ல. பயம் மட்டும் இருக்குது” என்றார். “நீ இல்லன்னா இந்த வூட்ல நான் என்னா பண்ணுவேன்?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சிரிப்பைத்தான் இத்தனை நாளும் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்குள்ளேயே இவ்வளவு பயம் இருந்தது என்று தெரிந்ததும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பயப்பட்டோம். அவர் கிளையை வளைப்பார், நான் கிள்ளுவேன்.

அடுத்த மாதமே அது நடந்தது. காலையில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தொண்டைக்குக் கீழே, இடது பக்கம், ஒரு சின்ன உருண்டை. விழுங்கினால் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கியது. ஓசூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மா, “தைராய்டு கட்டிதான். இருந்தாலும் ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்மா” என்றார். அந்த ‘இருந்தாலும்’ என்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மாதிரியை பெங்களூருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரத்தில் நாங்கள் இருவரும் மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பூக்கவில்லையே, ஒரு பூகூட விடவில்லையே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பூ வராதவரை எனக்கு ஒன்றும் ஆகாது. அக்கா சொன்ன பேச்சைப் பயந்து பயந்து கேட்டவள், இப்போது அதே பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினேன்.

வீட்டில் உட்கார முடியாமல் ஒரு காலையில் மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மைனாக்கள் ஒரே சத்தம். மழைக்காலம் முழுக்க யாரும் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மரத்தின் உச்சிக் கிளை ஒன்று தொட்டியைச் சுற்றிக்கொண்டு காலி மனைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது; ஸ்டூல் போட்டாலும் எட்டாது. அதில் ஒரு கொத்து. திராட்சைக் கொத்து மாதிரி, பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் புள்ளிபுள்ளியாக. சில காய்கள் வெடித்து, உள்ளே ரத்தச் சிவப்பில் விதை. அதைத்தான் மைனாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.

காய் இருந்தால் பூ இருந்திருக்க வேண்டும் என்பது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் ஈரத்துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. ஆடிச் சாரலில் அடித்த வாசனை அக்கா வீட்டு வாசனை இல்லை. எங்கள் மரம் அன்றைக்கே பூத்துவிட்டது. நாங்கள் கீழே கிளை கிளையாகக் காவல் காத்துக்கொண்டிருக்க, அது மேலே பூத்து, உதிர்ந்து, காய்த்து, விதையும் விட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என் கழுத்தில் கட்டி.

நான் கத்தின கத்தலில் என் கணவர் பாதி முகம் சவரம் செய்தபடி ஓடி வந்தார். கையைக் காட்டினேன். அவர் கொத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். அவரும் அதே கணக்கைத்தான் போட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். செத்துப்போவேன் என்கிற பயம் அதுவரை ஒரு பேச்சாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது என் தொண்டைக்குள் ஏறி இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய், துறட்டியால் கிளையை இழுத்து, மைனாக்கள் மிச்சம் வைத்திருந்த விதைகளை உதிர்த்துக்கொண்டார். உள்ளங்கையில் கொஞ்சம் மணலைப் போட்டு அந்தச் சிவப்புத் தோலைத் தேய்த்தெடுத்தார். உள்ளே கறுப்பு விதை. கீழே இறங்கிப்போய் நாற்றுப் பைகளில் மண்ணை நிரப்பினார். எனக்கு அவர் செய்யப்போவது அப்போதுதான் புரிந்தது.

“வேண்டாங்க. உங்களுக்கென்ன கிறுக்கா?” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வுடு” என்றார். ஒவ்வொரு விதையாகக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே வைத்தார். “இந்தா, இப்ப நானும் வெச்ச ஆளுதான். கேக்கறதுன்னா ரெண்டு பேரையும் கேக்கட்டும்.”

பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. அவர் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு நான் அழுதேன். அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அம்மா படித்துவிட்டு, “கெட்ட கட்டி இல்லம்மா. மாத்திரை போதும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம்” என்றார். என் கணவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அந்த அம்மாவும் சொன்னார். திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையை என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தவர், வீடு வரும்வரை விடவே இல்லை.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மரம் ஆடியிலேயே பூத்துவிட்ட கதையையும் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பூத்து இவ்ளோ நாள் ஆச்சு, நீ குத்துக்கல்லு மாதிரி இருக்கறே. எல்லாம் சும்மா வாய்ப்பேச்சு கண்ணு. இதுக்குப் போயா பயந்தே?” என்றார். எனக்கு அவரை என்ன செய்வது என்றே தெரியவில்லை. மறுநாள் மதிலைத் தாண்டி ஒரு கூடைத் தக்காளி வந்தது.

இப்போது மரம் அது பாட்டுக்குப் பூக்கிறது. நாங்கள் ஒரு மொட்டையும் தொடுவதில்லை. ஒற்றைப் பூவைத் தலையில் செருகிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறேன். என்னைப் பற்றிய பயம் எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது.

அவர் வைத்த விதைகளில் ஒன்றே ஒன்று முளைத்தது. விதைக்கன்று, பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும் என்று நர்சரிக்காரர் சொன்னது நினைவிருக்கிறது. அன்றைக்கு அது என் பொறுமைக்கு மீறிய காலமாகத் தெரிந்தது. இப்போது ரொம்பக் குறைச்சலாகத் தெரிகிறது. அதை அதே சின்னப் பையில், வெயில் படாத மூலையில் வைத்திருக்கிறேன். ராயக்கோட்டையில் அவர் குடும்ப நிலத்தில் கொண்டுபோய் நடலாம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மண் சரியில்லை, மழை போகட்டும், வெயில் தணியட்டும் என்று நானும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றுக் காலையில், “அது என்னா, வளரவே மாட்டேங்குது?” என்றார்.

“விதைக்கன்னு அப்படித்தான்” என்றேன். அவர் ஷிப்டுக்குப் போனதும் அந்த மூலைக்குப் போய், புதிதாக வந்திருந்த நுனிக் குருத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன்.